ஆட்டத்தில் நின்றுபோன கை

நாமக்கல் தாலுகா கச்சேரியில் பின்னாளில் குமாஸ்தாவான அர்த்தநாரியின் வலது கை, 1929ஆம் வருஷம் தை மாதம் தொடங்கி, சேலம் ஜில்லாவில் யார் எங்கே அந்தக் கூடைப்பந்து ஆட்டத்தைப் பற்றிப் பேசினாலும் தானாக மேலே எழும்பி நின்றது. பேச்சு முடியும்வரை இறங்காது. பேனா பிடித்திருந்தால் பேனாவோடு எழும்பும், சோறு பிசைந்திருந்தால் சோற்றோடு எழும்பும். முழங்கை நிமிர்ந்து, மணிக்கட்டு மட்டும் முன்னால் லேசாக மடிந்து, பந்தை விட்ட கை எப்படி நிற்குமோ அப்படியே நிற்கும். வலி என்று சொல்ல முடியாது, அசதிதான். ஆஸ்பத்திரியில் தட்டிப் பார்த்து நரம்பில் கோளாறு இல்லை என்று தைலம் எழுதிக் கொடுத்தார்கள். மோகனூரில் ஒருவர் மந்திரித்துக் கறுப்புக் கயிறு கட்டினார். அப்புறம் கயிறும் சேர்ந்து எழும்பியது. இரண்டு வருஷத்தில் ஊருக்குப் பழகிவிட்டது. செவ்வாய்க்கிழமை சேலம் செவ்வாய்ப்பேட்டையில் சந்தை கூடும், நாலு பக்கத்து ஆட்களும் சேர்ந்தால் பேச்சு அங்கேதான் போய் நிற்கும், ஆகையால் செவ்வாய்க்கிழமைகளில் அர்த்தநாரிக்கு எழுத்து வேலை கொடுப்பதில்லை என்று தலைமைக் குமாஸ்தாவே ஏற்பாடு செய்திருந்தார்.

ஆட்டம் நடந்தது சேலத்தில், அஸ்தம்பட்டிப் பக்கம் அப்போது இருந்த ஒரு சின்னக் கல்லூரியின் மைதானத்தில். அந்தக் கல்லூரி இப்போது இல்லை, மைதானத்தில் வீடுகள் வந்துவிட்டன. கூடைப்பந்து என்ற விளையாட்டு மெட்ராஸிலிருந்து வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. பந்து வந்து சேர்ந்தது, விதிப் புத்தகம் வந்து சேர்ந்தது, இரும்பு வளையங்கள் மட்டும் ரயிலில் எங்கேயோ தங்கிவிட்டன. கூடைதானே, நம் ஊரில் கூடைக்கா பஞ்சம் என்று டிரில் மாஸ்டர், மாம்பழ மண்டிக்குக் கூடை முடையும் வெள்ளியங்கிரியிடம் அளவு சொல்லி இரண்டு கூடை வாங்கினார். புத்தகத்தை மறுபடி படித்தபோதுதான் கூடைக்கு அடி இருக்கக் கூடாது என்று தெரிந்தது. வெள்ளியங்கிரியைக் கூப்பிட்டுக் கேட்டால், "அடியில்லாத கூடைய எவனாச்சும் முடைவானுங்களா? நாளப்பின்ன எங்கிட்ட ஒருத்தன் கூடை வாங்குவானுங்களா?" என்று அவர் கேட்டார். சரி, அடியை அறுத்துவிடலாம் என்றால், அத்தனை நெருக்கமாக, அத்தனை அழகாக முடைந்த கூடையில் கத்தி வைக்க டிரில் மாஸ்டருக்கும் மனசு வரவில்லை. கடைசியில் கம்பத்துக்கு ஒரு ஏணி, ஏணிக்கு ஓர் ஆள் என்று வைத்துக்கொண்டார்கள். பந்து உள்ளே விழுந்தால் ஆள் ஏறி எடுத்துக் கீழே போடுவான். அதுவரை ஆட்டம் நிற்கும், ஜனங்கள் வெற்றிலை போட்டுக்கொள்வார்கள்.

எதிர்த்து ஆட வந்தவர்கள் திருச்சிராப்பள்ளிக் கல்லூரிப் பையன்கள். அவர்களுக்குக் கான்வாஸ் ஜோடு இருந்தது, நம்மவர்கள் வெறுங்கால். பார்க்க வந்த கூட்டம் மொத்தம் நானூறு பேர் இருக்கும். அதில் தொண்ணூறு பேர் கல்லூரி மாணவர்கள், மிச்சப் பேர் கூடைக்குள் பந்து போடுவதற்காகப் படித்த பையன்கள் அடித்துக்கொள்கிறார்களாமே என்று வேடிக்கை பார்க்க வந்த டவுன் ஜனங்கள். கடைசி நிமிஷத்தில் திருச்சி பதினெட்டு, சேலம் பதினேழு. மணி அடிக்கப் போகும் நேரத்தில் நடு மைதானத்திலிருந்து அர்த்தநாரி மேற்குக் கூடையைப் பார்த்துப் பந்தை ஒற்றைக் கையால் வீசினான். வீசிய கையை இறக்காமல் அப்படியே நின்றான். பந்து கூடைக்குள் கிடந்தது, மணி அடித்தது, சேலம் ஜெயித்தது. இதுதான் நானூறு பேரும் பார்த்தது.

அவர்கள் பார்க்காதது ஒன்று உண்டு. அர்த்தநாரி வீசிய பந்து கூடையில் விழவில்லை. கம்பத்தில் அடித்துத் திரும்பியது. கீழே நின்ற கரீம் பாஷா எகிறி அதைப் பிடித்து, கால் தரையில் படுவதற்குள் உள்ளே போட்டான். மேற்கே வெயில் சாயும் நேரம், கம்பத்தைப் பார்த்தவர்களுக்கெல்லாம் கண் கூசியது. பக்கவாட்டில் நின்றவர்களுக்கு ஏணியும், இறங்கி ஏறி அலுத்துப்போய் ஏணியிலேயே நின்றுகொண்டிருந்த ஆளும் மறைத்தார்கள். புழுதி வேறு. எல்லாருக்கும் தெளிவாகத் தெரிந்தது நடு மைதானத்தில் உயர்ந்து நின்ற ஒரு கை. அப்புறம் தெரிந்தது கூடைக்குள் பந்து. நடுவில் இருந்ததை ஆளாளுக்குத் தாங்களே போட்டு நிரப்பிக்கொண்டார்கள்.

அர்த்தநாரியைத் தோளில் தூக்கிக்கொண்டு செர்ரி ரோடு வரைக்கும் போனார்கள். திருச்செங்கோட்டுப் பக்கத்துக் குடியானவர் வீட்டுப் பையன், இருபது வயசு, அதுவரை அவனை யாரும் எதற்காகவும் தூக்கியதில்லை. வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். இதோ சொல்கிறேன், இந்தத் திருப்பம் தாண்டட்டும் என்று நினைத்தான். திருப்பம் தாண்டியதும் யாரோ மாலை போட்டார்கள். மறுநாள் கரீம் பாஷாவிடம் போய் நின்றான். கரீம் கோட்டைப் பகுதியில் ஜவுளிக் கடைக்காரர் மகன், எதையும் சிரித்துத் தள்ளுகிறவன். "வுடு மாப்ள, யாரு போட்டா என்ன, பந்து உள்ளதான போச்சு" என்று தோளில் தட்டினான். அத்தோடு விட்டுவிட்டார்கள். விட்ட மூன்றாம் நாள், விடுதியில் குளித்துக்கொண்டிருந்தபோது, சொம்போடு அந்தக் கை முதல் தடவையாக எழும்பியது.

கல்யாணம் 1932இல் எருமப்பட்டியில் நடந்தது. வந்தவர்கள் அத்தனை பேருக்கும் பேச இருந்தது ஒரே விஷயம், ஆகையால் முகூர்த்தம் முழுக்க மாப்பிள்ளையின் வலது கை பந்தல் கூரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. இடது கையால் தாலியை ஒரு பக்கம் பிடிக்க, நாத்தனார்தான் மூன்று முடிச்சையும் போட்டாள். பெண் சாலம்மாள் நிமிர்ந்து ஒருமுறை அந்தக் கையைப் பார்த்தாள், மறுபடி குனிந்துகொண்டாள். அவள் ஆட்டத்தைப் பார்த்தவள் இல்லை. பார்க்க ஆசைப்பட்டவளும் இல்லை. புருஷன் சட்டைகளுக்கு வலது அக்குளில் ஒரு சாண் துணி கூடுதலாக வைத்துத் தைத்தாள், அந்தக் கை மேலே போனால் இடது பக்கம் உட்கார்ந்து சோறு ஊட்டினாள், வெளியே யாராவது திண்ணையில் உட்கார்ந்து "அன்னிக்கு நம்ம அர்த்தநாரி" என்று ஆரம்பித்தால் வாசலுக்கு வந்து ஒரு சொம்புத் தண்ணீரை அவர்கள் காலடியில் ஊற்றினாள். அவள் உள்ளூரில் வாயை அடைக்கலாம், ஜில்லா முழுவதையும் எப்படி அடைப்பது.

வருஷம் போகப் போகப் பேச்சு தேயும் என்றுதான் அர்த்தநாரி கணக்குப் போட்டிருந்தார். நடந்தது நேர்மாறு. ஆட்டத்தைப் பார்த்த நானூறு பேர் 1935இல் மூவாயிரம் பேர் ஆனார்கள். 1940இல் பதினோராயிரம் பேர். அத்தனை பேரும் அன்றைக்கு அந்த மைதானத்தில் நின்றிருந்தால் ஏற்காட்டு மலை ஏறித்தான் பார்த்திருக்க வேண்டும். ஆட்டம் நடந்த வருஷம் பிறக்காதவர்கள்கூடப் பந்து போன சத்தத்தைச் சொன்னார்கள். வீச்சின் தூரமும் வளர்ந்துகொண்டே போனது, நடு மைதானம் போய் கல்லூரி வாசல் ஆயிற்று, வாசல் போய் ரோடு ஆயிற்று. இவர்களில் பெரிய ஆள் அருணகிரி, சேலத்தில் வக்கீல் குமாஸ்தா. செவ்வாய்ப்பேட்டைக் காப்பி கிளப்பில் தினமும் சாயங்காலம் ஐந்தரை மணிக்கு அவர் ஆரம்பிப்பார். நாமக்கல் கச்சேரியில் ஐந்தரைக்குக் கை எழும்பும். கடிகாரம் இல்லாத சேவகர்கள் அதைப் பார்த்து ஜன்னல்களைச் சாத்தினார்கள்.

1942 ஆகஸ்டில் நாமக்கல் கடைவீதியில் ஊர்வலம் போனது. அர்த்தநாரி மளிகை வாங்கப் போனவர். எங்கேயோ யாரோ ஆட்டப் பேச்சை எடுத்தார்கள் போல, கூட்டம் கோஷம் போட்ட அதே சமயம் இவர் கையும் எழுந்தது. மற்றவர்கள் கையை இறக்கினார்கள், இவரால் முடியவில்லை. போலீஸ்காரர்கள் மூன்று தடவை இறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு ஏற்றிக்கொண்டு போனார்கள். சேலம் ஜெயிலில் இருபத்திரண்டு நாள். உள்ளே வார்டர்களும் கைதிகளும் ஆட்டத்தைப் பற்றித்தான் பேசினார்கள், ஆட்டக்காரரே வந்துவிட்டார் அல்லவா. வெளியே வந்தபோது கழுத்தில் மாலை, தோளில் தாங்க முடியாத அசதி. அதன்பிறகு யுத்தம் முற்றி, அரிசிக்குப் பங்கீடு வந்து, ஜனங்களுக்கு அரிசியைத் தவிர வேறு பேச்சே இல்லாமல் போனது. சொல்லக் கூடாதுதான், ஆனால் உண்மை, அர்த்தநாரி நிம்மதியாக இரண்டு கையாலும் சாப்பாட்டு இலையைப் போட்டு உட்கார்ந்தது அந்தப் பஞ்ச காலத்தில்தான். இலையில் சோறு கொஞ்சமாக இருந்தது, கை கீழே இருந்தது.

கரீம் பாஷாவுக்குப் பக்கவாதம் வந்தது 1946 ஆனி மாதத்தில். கடையில் துணி அளந்துகொண்டிருந்தவர் கஜக்கோலோடு சாய்ந்தார். பேச்சு கொஞ்சம் குழறியபடி திரும்பியது, கால் இழுத்து இழுத்து நடக்கும் அளவுக்கு வந்தது. வலது கை மட்டும் வரவில்லை. டாக்டர் ஊசியால் குத்திப் பார்த்துவிட்டு, இனி இது தொங்கிக்கொண்டுதான் இருக்கும், சும்மா ஆசை வைக்காதீர்கள் என்று சொன்னார். செய்தி கிடைத்து அர்த்தநாரி, பெட்ரோல் இல்லாமல் கரியில் ஓடிய பஸ் ஏறி, ஏற்றத்தில் எல்லாரும் இறங்கித் தள்ளி, மத்தியானம் போய்ச் சேர்ந்தார். கரீமின் மனைவி ஷஹர்பானு நாற்காலி போட்டாள். கரீம் ஜன்னல் ஓரம் கட்டிலில் உட்கார்ந்திருந்தார், மடியில் அந்தக் கை, யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன சாமான் மாதிரி கிடந்தது. நலம் விசாரித்துக்கொண்டிருக்கும்போதே அர்த்தநாரியின் கை எழும்பிற்று. எங்கே யார் பேசினார்களோ. கரீம் அதை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒன் கையி இன்னும் ஆட்டத்துலயே நிக்குது மாப்ள" என்றார். "என் கை ஆட்டத்த விட்டு வந்துருச்சு."

அதில் குறை எதுவும் இல்லை, சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அதுதான் அர்த்தநாரிக்குத் தாங்கவில்லை. பதினேழு வருஷமாகத் தனக்குப் பீடை என்று நினைத்திருந்த ஒன்று, நியாயப்படி எதிரே உட்கார்ந்திருக்கிறவனுக்குச் சேர வேண்டியது என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. கூடையில் பந்தைப் போட்ட கை எதுவோ அதைத்தானே பேச்சு தூக்க வேண்டும். ஜனங்கள் நடந்ததை நடந்தபடி பேசியிருந்தால் இந்த மடியில் கிடக்கும் கை எழும்பியிருக்கும். டாக்டர் சொன்னதெல்லாம் நரம்பைப் பற்றி, இது நரம்பு சம்பந்தப்பட்ட விஷயமே இல்லை. அர்த்தநாரி வெட்கப்பட்டார். நாற்காலியில் உட்கார முடியாத அளவுக்கு வெட்கமாக இருந்தது.

அங்கேயே ஷஹர்பானுவிடம் சொல்லிப் பார்த்தார். "அன்னிக்குப் பந்தப் போட்டது நானில்லீங்க, இவருதான்." கரீமின் கை அசையவில்லை. அர்த்தநாரி சொன்னால் அசையாது, அது அவருக்கே தெரியும், ஆட்டத்தைப் பற்றி அவரே வாய் வலிக்கப் பேசிய நாட்களில்கூடத் தன் கை எழும்பியதில்லை. கை எழும்புவது மற்றவர்கள் கண்ணால் கண்ட மாதிரி நம்பிச் சொல்லும்போதுதான். ஷஹர்பானு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஆறுதலுக்குச் சொல்றீங்கண்ணே, எனக்குத் தெரியாதா" என்றாள். கரீமும் எத்தனையோ தடவை அவளிடம் அர்த்தநாரியின் ஆட்டம் என்றே சொல்லியிருந்தார்.

அதன்பின் அர்த்தநாரி இருந்த லீவையெல்லாம் எழுதிக் கொடுத்துவிட்டு சேலத்திலும் சுற்றுப்பட்டிலும் ஆட்டத்தைப் பார்த்தவர்களைத் தேடித் தேடிப் போனார். உண்மையைச் சொல்லி, இனிமேல் இப்படிப் பேசுங்கள் என்று கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டார். செவ்வாய்ப்பேட்டைக் காப்பி கிளப்பில் அருணகிரி எழுந்து நின்று கேட்டார், கண் கலங்கினார். "பாத்துக்கங்க, இதான் பெரிய மனுசத்தனம்ங்கறது. படுத்துக் கெடக்கற சிநேகிதனுக்காகத் தம் பேரையே எழுதிக் குடுக்கறாரு பாருங்க" என்று கிளப்பில் இருந்தவர்களைப் பார்த்துச் சொன்னார். அர்த்தநாரியின் கை அதற்கு முன் எப்போதும் போகாத உயரத்துக்குப் போனது, தோள்பட்டை மூட்டு கழன்றுவிடும்போல. அடுத்த வாரத்திலிருந்து ஜில்லா முழுக்க ஆட்டத்தோடு இந்தப் பெரிய மனசும் சேர்ந்து பேசப்பட்டது. ஒரு பேச்சுக்குக் கால் மணி நேரம் ஆன இடத்தில் இப்போது அரை மணி நேரம் ஆயிற்று. திருச்சிப் பையன்கள் எந்தெந்த ஊரில் இருந்தார்கள் என்றே தெரியவில்லை. கூட ஆடிய மற்ற மூன்று பையன்களில் ஒருவன் செத்துப்போயிருந்தான், ஒருவன் பினாங்கில் இருந்தான், ஒருவன் தான் அன்று குனிந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டிருந்ததாக ஒப்புக்கொண்டான். டிரில் மாஸ்டரைத் தேடிப் போனால் அவருக்குக் கூடைகள்தான் ஞாபகம் இருந்தன. என்ன முடைசல், என்ன முடைசல் என்று அரை நாள் சொன்னார்.

அர்த்தநாரி ஊர் திரும்பித் தாழ்வாரத்தில் படுத்தார். மூன்று நாள் எழுந்திருக்கவில்லை. வலது கை மட்டும் எழுவதும் விழுவதுமாக இருந்தது. மூன்றாம் நாள் காலை சாலம்மாள் கம்பு புடைத்துக்கொண்டே கேட்டாள்.

"ஏனுங்க, அந்தக் கூடைக்கிட்ட ஒரு ஆளு ஏணி மேல நின்னாருன்னு சொல்லுவீங்களே, அவரக் கேட்டீங்களா?"

அர்த்தநாரி எழுந்து உட்கார்ந்தார்.

"எல்லாத்துக்கும் மறைச்சது அவருன்னா, அவருக்கு எது மறைச்சுது?" என்றாள் சாலம்மாள். "அவரு எங்கூர்க்காரருதான். சுண்ணாம்பு அடிக்கப் போவாரு, குழந்தைவேலுன்னு பேரு. சேலத்துல ஏதோ கூடைக்கு ஏணி புடிச்சேன்னு எங்கப்பங்கிட்ட ஒருதரம் சொன்னாரு. அதுக்கு மேல அவரு ஒண்ணும் சொல்லல, எங்கப்பனும் கேக்கல."

எத்தனையோ பேரைத் தேடிப் போன அர்த்தநாரிக்குப் பதினேழு வருஷத்தில் ஏணிக்காரர் நினைவே வரவில்லை. ஏணியை நினைத்திருக்கிறார், அது மறைத்ததை நினைத்திருக்கிறார், ஏணி மேல் இரண்டு கண் இருந்ததை நினைக்கவில்லை. பதினோராயிரம் பேருக்கும் அதே கதிதான். இதைப் பெரிய தப்பாக அந்தக் காலத்தில் யாரும் எடுத்துக்கொள்வதில்லை, ஏணி பிடிக்கிறவரையும் சுமை தூக்குகிறவரையும் யார் சாட்சி கேட்டார்கள். அன்றே புருஷனும் பெண்டாட்டியும் மாட்டு வண்டி பூட்டி எருமப்பட்டிக்குப் போனார்கள்.

குழந்தைவேல் ஊருக்குத் தெற்கே அரை ஏக்கர் கடலைக் காட்டில் இருந்தார். அறுபது வயசுக்கு மேல் ஆகியிருந்தது, சுண்ணாம்பு தின்ற விரல் நுனிகளில் ரேகையே இல்லை. கடலை பிடுங்கும் நாள். மனைவி ஆராயியும் இன்னும் ஆறேழு பெண்களும் குத்தவைத்துச் செடியிலிருந்து காய் ஆய்ந்துகொண்டிருந்தார்கள். அர்த்தநாரி தான் யார் என்று சொன்னார். வந்த காரியத்தைச் சொல்லவில்லை, தான் சொல்லிக்கொடுத்து அவர் சொன்னதாக ஆகிவிடக் கூடாது என்று பயம். அன்றைக்கு ஏணியிலிருந்து என்ன பார்த்தீர்கள் என்று மட்டும் கேட்டார். குழந்தைவேல் தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார், மறுபடி கட்டினார்.

"என்னைய யாருங்க சாமி கேட்டாங்க?" என்றார்.

"நான் கேக்கறனுங்க. தெரியாமப் போச்சு, இப்பக் கேக்கறன்."

"நீங்க வீசுன பந்து கம்பத்துல அடிச்சுதுங்க. என்ற காலுக்குக் கீழ அடிச்சுது, ஏணியே ஆடிப்போச்சு. ஆகா, போச்சுடான்னு நெனைக்கறேன், என் மூஞ்சிக்கு நேரா ஒரு கை வருது. செவந்த கை. விரல்ல வெள்ளி மோதரம், நீலக் கல்லு வெச்சது. அந்தக் கைல பந்து. எறியலீங்க, வீசலீங்க. அடை வெக்கறதுக்கு முட்டையக் கூடையில வெப்பாங்க பாருங்க, அப்புடி வெச்சுது. வெச்சுட்டுக் கீழ போயிருச்சு. நானு உள்ள எட்டிப் பாக்கறன், பந்து ஆடாம அசையாம ஒக்காந்திருக்குது. அந்தப் பாய் ஊட்டுப் பையன் கையிங்க அது. எத்தன செவுத்துக்குச் சுண்ணாம்பு அடிச்சிருப்பன், எத்தனையோ மறந்து போச்சு. அந்தக் கை மறக்கலீங்க."

அவர் சொல்லி முடிக்கும்வரை கடலை ஆயும் சத்தம் நின்றிருந்தது. அர்த்தநாரி தன் வலது கையைப் பார்த்தார். அது முழங்கால் மேல் இருந்தது. பதினேழு வருஷத்தில் அந்த ஆட்டத்தைப் பற்றி வேறொருவர் அவர் காதுபடப் பேசி, அந்தக் கை கீழே இருந்தது அதுதான் முதல் தடவை. அவருக்கு அழுகை வந்தது, பெண்கள் இருக்கிறார்களே என்று கடலைச் செடிகளைப் பார்த்துக்கொண்டு அழுதார். ஆராயி ஒரு செடியை உதறிக்கொண்டே பக்கத்தில் இருந்தவளிடம், "கேட்டியா, நீலக் கல்லு மோதரமாம். இத்தன வருசத்துல எங்கிட்டக்கூட மூச்சு வுடல பாரு இந்த மனுசன்" என்றாள். மோதிரம் எந்த விரலில் என்று ஒருத்தி கேட்டாள். பையன் பார்க்க எப்படி என்று இன்னொருத்தி கேட்டாள். குழந்தைவேல் முதலிலிருந்து மறுபடி சொன்னார். சாலம்மாளும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அவர்களோடு காய் ஆய உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் அர்த்தநாரி சேலத்துக்குப் போனார். பஸ்ஸில் வழியெல்லாம் பயமாக இருந்தது, கரீமின் கை எழும்பியிராவிட்டால் என்ன செய்வது என்று. வேறு சாட்சி இல்லை, இதற்குமேல் போக இடமும் இல்லை. ஷஹர்பானு கதவைத் திறந்தாள். முகத்தைப் பார்த்து ஒன்றும் தெரிந்துகொள்ள முடியவில்லை, அழுது வீங்கியிருந்தது. நேற்று மத்தியானம் சோறு ஊட்டிக்கொண்டிருந்தேன், மடியில் இருந்த கை மெள்ள எழும்பியது, என்னைத் தாண்டி, கொசுவலைக் கம்பியைத் தாண்டி மேலே போனது, விரல் ஐந்தும் விரிந்து எதையோ வைக்கிற மாதிரி நின்றது, பயந்து தட்டைக் கீழே போட்டுவிட்டேன் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். இறங்கியது, மறுபடி எழும்பியது, பொழுது சாயும்வரை அப்படியே இருந்ததாம். டாக்டர் வந்து பார்த்துவிட்டு, ஊசியைப் பெட்டியிலேயே வைத்து மூடிக்கொண்டு போனாராம்.

கரீம் பாஷா அதே கட்டிலில் அதே ஜன்னல் ஓரத்தில் இருந்தார். அர்த்தநாரி உள்ளே நுழைந்தபோது எருமப்பட்டியில் வேலை தொடங்கியிருக்க வேண்டும், அவர் கண்ணெதிரே அந்தக் கை மடியை விட்டு எழுந்தது. கரீம் அதை அண்ணாந்து பார்த்தார். அந்த மனுஷர் வாழ்நாள் முழுக்கச் சிரித்துத் தள்ளிய முகம், இப்போது சிரிக்க வரவில்லை, உதடு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு நடுங்கியது.

"யாரோ என்னப் பத்திப் பேசறாங்க மாப்ள" என்றார்.

அர்த்தநாரி அவர் பக்கத்தில் கட்டிலில் உட்கார்ந்தார். பதினேழு வருஷம் கழித்துக் கேட்கும் மன்னிப்பை எந்த இடத்திலிருந்து ஆரம்பிப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. கரீமும் எதிர்பார்க்கவில்லை. யார் பேசுவது என்று மட்டும் கேட்டார். கடலைக் காட்டில் பொம்பளைங்க என்று அர்த்தநாரி சொன்னார். அவங்க ஆட்டத்தைப் பார்த்தாங்களா என்று கரீம் கேட்டார். இல்லை, பந்தையே பார்த்ததில்லை, ஆனால் நம்பறாங்க என்றார் அர்த்தநாரி. கரீம் தலையாட்டிக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் அர்த்தநாரியின் கையும் எழும்பியது, செவ்வாய்ப்பேட்டையில் யாரோ. இரண்டு பேரும் ஆளுக்கொரு கை மேலே நிற்க, ஷஹர்பானு கொண்டுவந்த தேத்தண்ணியை இடது கையால் குடித்தார்கள்.

சேலத்துக்காரர்கள் பேச்சை மாற்றவில்லை. அருணகிரி சாகும்வரை ஐந்தரை மணிக்குத் தன் பழைய கதையையே சொன்னார், அர்த்தநாரியின் கை அதற்கு எழும்பி அலுத்தது, சாலம்மாள் சட்டைக்குக் கூடுதல் துணி வைத்துத்தான் தைத்தாள். எருமப்பட்டிப் பெண்கள் காய் ஆயப் போன இடமெல்லாம் நீலக் கல் மோதிரத்தைச் சொன்னார்கள். அங்கிருந்து அது வேலகவுண்டம்பட்டிக்கும், ராசிபுரம் பக்கம் மரவள்ளிக் காடுகளுக்கும் போனது. மற்ற மாதங்களில் கரீம் பாஷாவின் கை எப்போதாவதுதான் எழும்பும். ஆவணி, புரட்டாசியில் கடலை பிடுங்கு ஆரம்பித்துவிட்டால் காலை பத்து மணி சுமாருக்குத் தவறாமல் எழும்பும். அதற்காக ஷஹர்பானு அந்த மாதங்களில் அவரைக் குளிப்பாட்டும் நேரத்தைப் பத்து மணிக்கு மாற்றிக்கொண்டாள். கை மேலே நிற்கும்போதே அக்குளைத் துடைத்து, சட்டைக் கையை மேலிருந்து கீழே மாட்டிவிடுவது அவளுக்குச் சுலபமாக இருந்தது.